இரண்டு வாய் தாண்டி

இன்னும் ஒரு பாட்டு, அதற்கப்புறம் குருவானவரின் பிரசங்கம், அது முடிந்தால் அவள்தான். வயலட் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள், பிறகு பின்னால் சாய்ந்தாள், சாய்ந்ததும் நீல டி-ஷர்ட் முதுகில் ஒட்டியது, மறுபடி நுனிக்கே வந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகச் சுடிதார், அதற்கு மேல் சபையின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. காலையில் விடுதிக் கண்ணாடியில் பார்த்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின கிழவி மாதிரி இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து பதினோரு பேர் பத்து நாள் ஊழியம் என்று கம்போடியாவுக்குப் புறப்பட்டு வந்து இன்றைக்கு ஏழாம் நாள். தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்து நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பத்து மணிக்கே தகரம் கொதித்தது. ஓரமாக நின்ற மின்விசிறி ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் வருவதற்குள் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது. வெளியே வயலுக்கு நடுவே பனைமரங்கள். நம்ம ஊர்ப் பனையேதான் என்று வந்த அன்றைக்கு வேனில் எல்லோரும் கைதட்டினார்கள், இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் அவளுக்கு இரண்டு வேலை. காலையில் பிரஷர் பார்ப்பது, கூட்டத்தில் எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்வது. முப்பத்துநாலு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு முதல் வேலை மூச்சுவிடுகிற மாதிரி. இரண்டாவதும் அப்படித்தான் ஆகிவிட்டது, பத்து வருஷமாகச் சொல்கிறாள், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்கும் என்று தொண்டைக்கே தெரியும். அவள் தமிழில் ஒரு வரி சொல்வாள், பக்கத்தில் நிற்கும் ஹெப்சி அதை இங்கிலீஷாக்குவாள், அந்த இங்கிலீஷை இந்த ஊர் டீச்சர் சன்னாரி கெமர் மொழியில் சொல்வாள். இரண்டு வாய் தாண்டிப் போய்ச் சேரவேண்டிய சாட்சி. செவ்வாய்க்கிழமை வேறொரு கிராமத்தில் சொன்னபோது இரண்டு வாய் தாண்டியும் பெண்கள் அழுதார்கள். இன்றைக்கு மட்டும் ஏன் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தகரத்துச் சூடு இல்லை இது. இது அந்தப் பெண். முன்வரிசையில், சரியாக அவளுக்கு நேர் எதிரே, கட்டம் போட்ட துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, மாலி, அவள்.

பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்தாள். இந்த வெயிலில் யார் துண்டு போர்த்துவார்கள். காலை எட்டு மணியிலிருந்து மரக்கால்கள் மேல் நிற்கும் ஒரு வீட்டுக்குக் கீழே மேஜை போட்டு வயலட் பிரஷர் பார்த்தாள். மேலே வீடு, கீழே கோழி, மாட்டுச் சாணம், கருவாட்டு மணம், நடுவில் இவள் மெஷின். சன்னாரி பெயரைக் கேட்டு எழுதுவாள், ஆள் கையை நீட்டும், வயலட் பட்டையைச் சுற்றுவாள். இருபது பேருக்கு மேல் ஆகியிருக்கும். அப்போது வந்தாள். முப்பது வயது இருக்கலாம். வலது கையை நீட்டச் சொன்னதற்கு இடது கையை நீட்டினாள். வயலட் ஒன்றும் யோசிக்காமல், யோசிக்காமல்தான், வலது கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக்கையை மேலே ஏற்றினாள். மேல்கையின் வெளிப்பக்கம் நாலு தடம், உள்பக்கம் ஒன்று. நாலு விரல், ஒரு கட்டை விரல். ஓரம் மஞ்சளாகி நடுவில் பச்சை. நாலு நாள், இல்லை ஐந்து. கணக்குப் போட்டது மூளை இல்லை, கண். முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் நீலம், நாலாம் நாள் பச்சை, அப்புறம் மஞ்சள், பத்தாம் நாள் கையில்லாத ரவிக்கைகூடப் போடலாம். இது வார்டில் படித்த பாடம் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒருவன் நின்றிருந்தான், கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, சாதுவான முகம். வலிக்கிறதா என்று வயலட் தன் இங்கிலீஷில் கேட்டாள், சன்னாரி அதைக் கேட்டாள், பதில் சொன்னது அவன். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். அதே பதில். நாடு விட்டு நாடு வந்து, கடல் தாண்டி வந்து, அதே பதிலா. பாத்ரூம்ல வழுக்கிட்டு சிஸ்டர், அவ்வளவுதான், என்று எத்தனை தடவை டியூட்டி ரூமில் சொல்லியிருக்கிறாள், எத்தனை பேர் ஆமா ஆமா பாத்ரூமுக்குக் கல்லு மாத்துங்க என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். வயலட் பட்டையை அவிழ்த்து இடது கையில் சுற்றினாள். நூறு, அறுபது. எழுதினாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆளைப் பார்த்தாள். அவர்கள் போனதும் சன்னாரி குனிந்து தணிந்த குரலில் சொன்னாள், சிஸ்டர், உங்கள் கதையை இன்றைக்கு இவள் கேட்க வேண்டும், முன்னால் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கேட்டதிலிருந்து இவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று. நல்ல பெண் சன்னாரி, நாற்பது வயதுக்காரி, ஸ்கூட்டரில் ஊர் ஊராகச் சுற்றுகிறவள், மனசார நல்லது நினைத்துத்தான் சொன்னாள்.

எட்வின், அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கும். ஊதினால் ஐந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும். சபைக் கமிட்டியில் இருந்தார், பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவார், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்குச் சொல்லுவார். கைப்பிடி நல்ல பிடி. அவர் முகத்தில் அடித்ததே இல்லை, அதில் கவனமாக இருந்தார், ரவிக்கை மறைக்கிற இடத்தில்தான். மறைக்க அவளுக்கு யூனிபார்ம் வேறு இருந்தது. கோபம் என்று சொல்லவும் முடியாது. சோறு குழைந்தது, கதவைத் திறக்க நேரமானது, நைட் டியூட்டி மாற்றிப் போட்டார்கள், ஏதாவது ஒன்று. ஏட்டி என்று ஒரு சத்தம் வரும், அந்த ஏட்டியிலேயே தெரிந்துவிடும், இன்றைக்கு உண்டா இல்லையா என்று. மகள் ஷீபாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது வாசலில் நின்று பார்த்தாள். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு எப்போதும்போல அவள்தான் ஜெபம் சொன்னாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், அந்த ஊரில் சபை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. போன வாரம் போனில் சொன்னாள், "அம்மா, நீங்க எங்க வேணாலும் போங்க. அங்க போயி அப்பாவப் பத்தி மட்டும் பேசாதீங்க." ஏன் என்று வயலட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்தப் பயத்தில் கேட்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டதா, இல்லை, இன்னொரு சரணம் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் கையைத் தூக்கி ஆடுகிறார்கள், மாலி கைதட்டுகிறாள், ஒரு கையை மேலே தூக்காமல் மடிக்குப் பக்கத்திலேயே வைத்துத் தட்டுகிறாள். பார்க்காதே.

சாட்சி என்ன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எட்வின் மைதானத்திலேயே விழுந்தார், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, ஒரு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சபையில் பெண்கள் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மனைவி முழங்காலில் நின்று மன்றாடினாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார். முரட்டு மனுஷனாக விழுந்தவர் குழந்தையாக எழுந்தார். பொறுமையோடு காத்திருந்த மனைவியின் ஜெபம் கேட்கப்பட்டது. சாட்சி அவ்வளவுதான். அதில் எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. மத்தியானம் மூன்று மணி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கைகழுவுகிற தொட்டி, அதில் குழாய் முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி இருக்கும். வயலட் கை கழுவினாள், நர்ஸ் கழுவுகிற மாதிரி, விரலிடுக்கு, மணிக்கட்டு, நகக்கண். கழுவிக்கொண்டே சொன்னாள், ஆண்டவரே, இவர எடுத்துக்கோங்க. நான் கேக்கேன். இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. எடுத்துக்கோங்க. முழங்காலில் நிற்கவில்லை, அழவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையிலேயே முழு மனசோடு பண்ணின ஜெபம் அது ஒன்றுதான். மற்ற ஜெபத்தில் எல்லாம் பாதி மனசு அடுப்பில் இருக்கும். மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறந்தபோது சபைப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து உங்க ஜெபம் உங்க ஜெபம் என்று அழுதார்கள், அவளும் அழுதாள், ஏன் அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. முதல் தடவை சாட்சியை அவள் சொல்லவில்லை, அப்போதிருந்த குருவானவர் சொன்னார், அவள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். தலை ஆட்டினது ஒன்றுதான் அவள் செய்தது. அடுத்த வருஷம் நீங்களே சொல்லுங்கம்மா என்று மைக்கைக் கொடுத்தார்கள். சாட்சியில் முழங்கால் அப்போது வந்து சேர்ந்தது. பொறுமை அதற்கடுத்த வருஷம். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை, யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றிச் சொல்வது மாதிரித்தான் இருந்தது, அந்தப் பெண்ணை அவளுக்கும் பிடித்திருந்தது.

அப்படியானால் ஆண்டவர் யார் பேச்சைக் கேட்டார். இதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, வேனில் வருகிறது, விமானத்தில் வந்தது, பிரஷர் பட்டையைச் சுற்றும்போது வருகிறது. உபவாசம் இருந்த பெண்களுடையதைக் கேட்டார், இவளுடையதைக் கேட்கவில்லை. இல்லையென்றால் இவளுடையதையும் கேட்டார், கேட்டுவிட்டுப் பாதி கொடுத்தார். பழைய எட்வினை எடுத்துக்கொண்டார், வலது பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டார், மிச்சத்தைத் திருப்பி இவள் கையில் கொடுத்தார். இப்போது இருப்பவர் வயலட் என்று கூப்பிட முடியாமல் வயட் என்கிறார். டிவியில் பிள்ளை அழுதால் அவரும் அழுகிறார். அந்த வலது கை நாற்காலிக் கைப்பிடியில் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகுமுன் அவள்தான் அதற்கு நகம் வெட்டிவிடுகிறாள், விரலை ஒவ்வொன்றாக நீட்டிப் பிடித்து. நாலு விரல், ஒரு கட்டை விரல். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஞாபகம் இருக்கிறதா அவருக்கு. பதினோரு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை. மறந்துபோச்சா, மறந்த மாதிரி இருக்கிறாரா, மன்னிச்சுக்கோ என்ற வார்த்தையை நாக்கு தூக்க முடியாமல் வைத்திருக்கிறதா. மறதியை அவருக்குக் கொடுத்துவிட்டு ஞாபகத்தை மொத்தமாக இவளிடம் விட்டுவிட்டது மாதிரி இருக்கிறது. கிளம்புகிற அன்று தங்கச்சி வீட்டில் அவரை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது எப்போ வருவ என்று கேட்டார். தினமும் போனில் அதையேதான் கேட்கிறார். இந்த மனுஷனை ஆண்டவர் மாற்றினார் என்று செவ்வாய்க்கிழமை சொன்னாள், அழுதார்கள், வரிசையில் வந்து தலையைக் குனிந்து நின்றார்கள், கை வைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். அந்த வரிசையில் எத்தனை சட்டைக்கைகளுக்குக் கீழே என்ன இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் பார்க்கவில்லை. மாற்றியது ஒரு ரத்தக்குழாய். நர்ஸ் அவள், அவளுக்குத் தெரியாதா. அன்றைக்கு அது வெடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவளுக்கு நாலாம் நாள் பச்சைதான். இதை எப்படி இந்தப் பெண்ணிடம் சொல்வது, நீயும் பொறுமையாக இரு, உன் வீட்டுக்காரனுக்கும் ஒரு குழாய் வெடிக்கும் என்றா.

பிரசங்கம் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. குருவானவர் ஆசீர் நேராக இங்கிலீஷிலேயே பேசினார், சன்னாரி வரிக்கு வரி திருப்பினாள். அவர் நல்ல மனிதர், ஒரே குறை நீளம். ஊரில் அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் குழம்பு இறக்கி வைத்துவிட்டு வரலாம் என்பார்கள். இன்றைக்காவது நீட்ட மாட்டாரா என்று இருந்தது, அதே நிமிஷம் சீக்கிரம் முடித்துத் தொலைக்கக் கூடாதா என்றும் இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நேற்று மூன்று பேருக்கு நிஜமாகவே சரியில்லை. சொல்லிவிட்டு வேனில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டால் மாலி எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு போவாள், அந்த ஆளின் பைக்கில் ஏறி உட்காருவாள். சரி, சாட்சியைச் சுருக்கிவிடலாம், பொறுமையை மட்டும் எடுத்துவிடலாம். பொறுமையை எடுத்தால் அதில் என்ன மிச்சம். பக்கத்து நாற்காலியில் ஹெப்சி போனில் ஏதோ தள்ளிக்கொண்டிருந்தாள். குருவானவரின் அண்ணன் மகள், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, இருபத்தெட்டு வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வயலட் அவள் பக்கம் சாய்ந்து, இன்றைக்குக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லட்டுமா என்று கேட்டாள். ஹெப்சி நிமிராமலே, "அதையே சொல்லுங்க ஆன்ட்டி, அதுதான் நல்லாருக்கு. எனக்கு மனப்பாடம். நீங்க நிறுத்துததுக்குள்ள நான் சொல்லிருவேன்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, அந்த மூணு மணி வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும் ஆன்ட்டி என்றாள். வயலட் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொட்டகை வாசலுக்கு வெளியே மாமரத்தடியில் ஆண்கள் பைக்குகளில் சாய்ந்து நின்றிருந்தார்கள், மாலியின் வீட்டுக்காரனும் இருந்தான், யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை மரத்தில் கட்டியிருந்தார்கள். குருவானவர் ஆமென் என்றார். கொட்டகை ஆமென் என்றது. மரத்திலிருந்து இன்னொரு ஆமென் வந்தது. ஹெப்சி போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.

மைக் ஈரமாக இருந்தது, குருவானவரின் கை வியர்வை. வயலட் கும்பிட்டாள், நாற்பது பேரும் கைகூப்பினார்கள். என் பேர் வயலட் என்றாள், ஹெப்சி சொன்னாள், சன்னாரி சொன்னாள். நான் நர்ஸ். என் வீட்டுக்காரர் பி.டி. மாஸ்டர். விளையாட்டு விழா, மைதானம், விழுந்தார். வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போயிற்று, அவள் வாய் தன்னால் அசைந்தது, மூன்று குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக. மாலி இவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகவோ வாயை லேசாகத் திறந்திருந்தாள், மருந்து வாங்கிக் குடிக்கப்போகிறவள் மாதிரி. மத்தியானம் மூணு மணி, என்றாள் வயலட். நான் ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்ணேன். மூச்சு வாங்கினாள். "அவரு செத்துப்போகணும்னு ஜெபம் பண்ணேன்." ஆனால் அந்த மூச்சு வாங்கின இடத்திலேயே ஹெப்சி கிளம்பிவிட்டிருந்தாள், நான் முழங்காலில் விழுந்து ஆண்டவரே அவரைக் காப்பாற்றும் என்று கதறினேன் என்று அழகான இங்கிலீஷில், கண்ணை மூடிக்கொண்டு, சிலிர்த்துக்கொண்டு. சன்னாரி அதை வாங்கி அப்படியே கெமரில் சொன்னாள். பாயில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். மாலியும் தலையாட்டினாள், மெதுவாக, ஆமாம் அப்படித்தான் என்கிற மாதிரி. வயலட்டுக்கு ஒரு நிமிஷம் என்ன நடந்தது என்றே பிடிபடவில்லை. அப்புறம் பக்கவாட்டில் இருந்த நாற்காலிகளைப் பார்த்தாள். ஒன்பது நீல டி-ஷர்ட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவர்களுக்குத் தமிழ் தெரியும். குருவானவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாடகர் குழுவில் எட்வினோடு இருபது வருஷம் பாடின ஜேசுதாசன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குத் தெரியக் கூடாது என்று பதினோரு வருஷம் இருந்தாளோ அவர்களுக்கெல்லாம் மைக்கில் கேட்டுவிட்டது. யாருக்குச் சொன்னாளோ அவளுக்குப் பழைய பொய்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

ஹெப்சி கண்ணைத் திறந்தாள். கொஞ்சம் தாமதமாக, தமிழ் அவள் காதில் அப்போதுதான் இறங்கினது போல, முகம் வெளுத்தது. வயலட் மைக்கின் பித்தானைத் தள்ளி அணைத்தாள். மரத்துக் குழாய் கரகரத்து நின்றது. பிறகு மேடையென்று இருந்த பலகையிலிருந்து இறங்கி, முட்டி வலிக்க, பாயில் மாலிக்கு எதிரே உட்கார்ந்தாள். சன்னாரியும் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டாள். இனி ஒரு வாய் போதும். வயலட்டிடம் இருந்தது வார்டு இங்கிலீஷ், எங்கே வலி, எத்தனை நாளாக, இதைச் சாப்பிடு, பயப்படாதே, அவ்வளவுதான். அதை வைத்துச் சொன்னாள். நான் ஜெபம் பண்ணது அவர் சாக வேண்டும் என்று. அவர் என்னை அடிப்பார். இருபத்திரண்டு வருஷம் அடித்தார். அவர் மாறவில்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, அதனால் கை விழுந்துவிட்டது. நான் பொறுமையாக இருந்ததால் இல்லை. சன்னாரி திருப்பவில்லை. அவள் வயலட்டின் முகத்தையே பார்த்தாள், அவளுக்கும் ஏதோ கையிலிருந்து நழுவி விழுந்த மாதிரி இருந்தது. இதைச் சொல்லணுமா சிஸ்டர் என்று மட்டும் கேட்டாள். சொல்லு என்றாள் வயலட். சன்னாரி மாலியின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள், வயலட் சொன்னதைவிட நீளமாக, நிறுத்தி நிறுத்தி. அதில் தன்னுடையது எவ்வளவு, சன்னாரியுடையது எவ்வளவு என்று வயலட்டுக்குத் தெரியவில்லை. மாலி அழவில்லை. திறந்திருந்த வாயை மூடிக்கொண்டாள். துண்டுக்குள் அவள் இடது கை போய் வலது கையைப் பிடித்துக்கொண்டது. போக இடம் உண்டா என்று கேட்கச் சொன்னாள் வயலட். பதில் வந்தது, நகரத்தில் அக்கா இருக்கிறாளாம், தையல் வேலை செய்கிறாளாம், மாலியின் பிள்ளை அங்கேதான் படிக்கிறதாம். அப்படியானால் இன்றைக்கே, என்றாள் வயலட். தன் குரலில் வார்டு சிஸ்டரின் அதட்டல் வந்திருப்பது அவளுக்கே கேட்டது.

பெண்களை எழுப்பிச் சாப்பாட்டுக்கு அனுப்புகிற சந்தடியில் வயலட் பிரஷர் மேஜையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, நூறு, அறுபது என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு, உடனே, என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நூறு அறுபதுக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும். சீட்டோடு மாமரத்தடிக்குப் போய் அவனிடம் நீட்டினாள். ரத்தம் குறைவு, பெண்கள் வார்டு, டீச்சர் கூட்டிப் போவாள் என்று அந்த ஊர்ச் சபை மூப்பர் ஒருவர் மொழிபெயர்த்தார். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு தன் பைக்கை எடுக்கத் திரும்பினான், நானே கூட்டிப் போகிறேன் என்பது எந்த மொழியில் சொன்னாலும் புரிகிறதுதான். அவனைப் பிடித்து இழுக்கவா முடியும். அப்போது பின்னாலிருந்து குருவானவர் ஆசீர் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. நேராக அவனிடம் போய்த் தோளில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தார், கண்ணை மூடினார், தமிழிலேயே ஜெபிக்க ஆரம்பித்தார். அவன் திகைத்து, பைக்கிலிருந்து கையை எடுத்து, மரியாதைக்குக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். சுற்றியிருந்த ஆண்களும் கூப்பினார்கள். ஜெபம் உலகத் தலைவர்களில் தொடங்கி மழைக்கு வந்து, பயிருக்கு வந்து, குடும்பங்களுக்கு வந்தது. தெரிந்துதான் செய்கிறாரா, இல்லை, ஜெபம் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை என்பதால் செய்கிறாரா என்று வயலட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊரில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது, எட்வினிடம் யார் முதலில் போய்ச் சொல்வார்கள், ஜேசுதாசனா, சொன்னால் அவர் அழுவாரா, எதற்காக அழுவார். ஒன்றும் தெரியவில்லை. அவள் கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள், ஓட முடிகிற அளவுக்கு.

சமையல்கட்டுக்குப் பின்னால் சன்னாரியின் ஸ்கூட்டர் நின்றது. ஹெப்சி ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் போட்டு மாலியின் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. மாலி பின்னால் ஏறிப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சன்னாரியின் முதுகைத் தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, வயலட்டைப் பார்த்து ஏதோ கேட்டாள். அன்றைக்கு அவள் நேராகப் பேசின முதல் வார்த்தை அது. சன்னாரி தயங்கினாள், பிறகு ஹெப்சியிடம் இங்கிலீஷில் சொன்னாள், வயலட்டுக்கு அது அப்போதே புரிந்துவிட்டது, இருந்தாலும் ஹெப்சி சொல்லும்வரை காத்திருந்தாள்.

"அவரு பொழைச்சுக்கிட்டதுல உங்களுக்கு வருத்தமான்னு கேக்கா, ஆன்ட்டி."

மரத்தடியில் ஜெபம் இன்னும் போய்க்கொண்டிருந்தது, இப்போது நோயாளிகளுக்கு வந்திருந்தது. வயலட் வாயைத் திறந்தாள். இல்லை என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பத்து வருஷம் சொல்லிப் பழகின நாக்கு.

"சில நாள்," என்றாள்.

ஹெப்சி ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னாள். சன்னாரி அவள் மொழியில் சொன்னாள். மாலி அதைக் கேட்டுவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்டாள். கையைத் தூக்கியதில் சட்டைக்கை சரிந்து கை முழுக்கத் தெரிந்தது. ஸ்கூட்டர் வயல் வரப்போரமாக நகரத்துச் சாலைக்குத் திரும்பியது.